உள்ளே சரிவது எப்படி வெளியே வெடிக்கிறது?

நிலாமுற்றம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பல நாளாக ஒரு சந்தேகம் மனதில் கிடக்கிறது. பெருநட்சத்திரங்களின் முடிவைப் பற்றி எங்கே படித்தாலும் ஒரே கதைதான். ஹைட்ரஜன் எரிந்து ஹீலியம் ஆகிறது, அப்படியே படிப்படியாக ஏறி இரும்பு வரை போகிறது, இரும்பு எரியாது, அதனால் மையம் சரிந்து நட்சத்திரம் வெடிக்கிறது.

"சரிந்து வெடிக்கிறது." இந்த இரண்டு சொற்களுக்கு நடுவில்தான் நான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். சரிவது உள்நோக்கி. வெடிப்பது வெளிநோக்கி. எண்ணெய் தீர்ந்த விளக்கு அணைந்துபோகும், வெடிக்காது. எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் மட்டும் ஏன் வெடிக்க வேண்டும்? அவ்வளவு ஆற்றல் எங்கிருந்து வருகிறது? தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

தமிழ்க்கதிர் எழுதியது:

பந்தைத் தரையில் ஓங்கி அடித்தால் மேலே எழும்புகிறதல்லவா, அதேதான். மையம் சரிந்து சரிந்து, இதற்குமேல் நெருக்க முடியாது என்ற நிலையில் கெட்டிப்பட்டு நின்றுவிடுகிறது. பின்னால் விழுந்துவரும் பொருள் அதில் மோதித் தெறிக்கிறது.

போன வாரம் என் மகளுக்கு இதைச் செய்து காட்டினேன். கூடைப்பந்தின் தலைமேல் டென்னிஸ் பந்தை வைத்து, இரண்டையும் இடுப்பு உயரத்திலிருந்து ஒன்றாக விட்டோம். கூடைப்பந்து தரையைத் தொட்டு மேலே கிளம்பும் அதே நொடியில் டென்னிஸ் பந்து அதன்மேல் வந்து மோதியது. கூடைப்பந்து அங்கேயே சோர்ந்து கிடந்தது, டென்னிஸ் பந்து கூரையில் போய் அடித்தது. சூப்பர்நோவா என்கிற நட்சத்திர வெடிப்பு அதுதான்.

பழைய ஆய்வகம் எழுதியது:

தமிழ்க்கதிர் சொன்னது பாதி வழி சரி. மீதி வழியில்தான் விஷயமே இருக்கிறது. முதலில், சரிவு வரை எப்படி வந்து சேர்கிறோம் என்பதைப் பார்த்துவிடுவோம்.

சூரியனைப்போல் ஏறத்தாழ 8 மடங்குக்கு மேல் நிறை உள்ள நட்சத்திரங்களுக்குத்தான் இந்த முடிவு. 25 மடங்கு உள்ள ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஹைட்ரஜனை எரிக்க அதற்கு ஏறத்தாழ 70 லட்சம் ஆண்டு. ஹீலியத்துக்கு சில லட்சம் ஆண்டு. கார்பனுக்கு 600 ஆண்டு. நியானுக்கு ஓர் ஆண்டு. ஆக்சிஜனுக்கு 6 மாதம். சிலிகானுக்கு ஒரே நாள்.

இந்த வரிசையை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு வியர்த்துவிட்டது. லட்சக்கணக்கில் போய்க்கொண்டிருந்த கணக்கு திடீரென்று நூறுகளுக்கு வந்து, நாளில் வந்து முடிகிறது. ஏன் இந்த அவசரம்? கனமான எரிபொருள் தரும் ஆற்றல் குறைவு என்பது ஒரு காரணம், ஆனால் முக்கியக் காரணம் அதுவல்ல. கார்பன் எரியும் வெப்பநிலையிலிருந்து மையம் தன் ஆற்றலை ஒளியாக இழப்பதைவிட, எதோடும் எளிதில் மோதாத நுண்துகள்களான நியூட்ரினோக்களாக இழப்பதே அதிகமாகிவிடுகிறது. ஒளி என்றால் நட்சத்திரத்தின் உடம்பு முழுவதும் முட்டி மோதி, வெளியே வர ஆயிரக்கணக்கான ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும். நியூட்ரினோ எதிலும் நிற்காது, பிறந்த நொடியே கிளம்பிவிடும். அடியில் ஓட்டை விழுந்த தொட்டி மாதிரி. மட்டம் இறங்காமல் இருக்க வேண்டுமானால் மேலிருந்து மேலும் மேலும் வேகமாக ஊற்ற வேண்டும். சிலிகான் எரியும்போது மையத்தில் 300 கோடி கெல்வினுக்கும் மேல் சூடு. ஒரே நாளில் தீர்ந்துபோவதில் வியப்பில்லை.

இந்த நியூட்ரினோவை மறந்துவிடாதீர்கள். கதையின் முடிவில் மறுபடி வரப்போவது அதுதான்.

செந்தாமரை எழுதியது:

அந்தக் கடைசி ஒரு நாளில் வெளியிலிருந்து பார்த்தால் ஏதாவது தெரியுமா சார்? நடுங்குவது, நிறம் மாறுவது, அப்படி?

பழைய ஆய்வகம் எழுதியது:

கண்ணுக்கு எதுவும் தெரியாது அம்மா. அதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம். மேற்பரப்புக்கும் மையத்துக்கும் நடுவே கோடிக்கணக்கான கிலோமீட்டர். உள்ளே கார்பன் தீர்ந்து, நியான் தீர்ந்து, சிலிகானும் தீர்ந்துகொண்டிருக்கும். மேலே தோல் எப்போதும்போலச் சிவப்பாக ஒளிவிட்டுக்கொண்டிருக்கும். வெடிப்புக்கு முந்தைய சில ஆண்டுகளில் மேலடுக்கைக் கொஞ்சம் உதறித் தள்ளும் நட்சத்திரங்கள் உண்டு. மற்றபடி, கடைசி நாளின் சேதி வெளியே வந்து சேர ஒளிக்கு நேரமே இல்லை.

இரவுக்காவல் எழுதியது:

இதைப் படித்ததும் 2020 பிப்ரவரி நினைவுக்கு வந்தது. ஓரியன் கூட்டத்தின் தோளில் இருக்கும் சிவப்பு நட்சத்திரமான திருவாதிரை மங்கியது அல்லவா. நான் தொலைநோக்கி இல்லாமல், அக்கம்பக்க நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு ஒளியைக் குறித்துவைப்பவன். ரோகிணியையும், ஓரியனின் மற்றத் தோளில் இருக்கும் பெல்லாட்ரிக்ஸையும் வைத்துக்கொண்டு மாறி மாறிப் பார்ப்பேன். வழக்கமாகத் திருவாதிரை பெல்லாட்ரிக்ஸைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். அந்த மாதம் இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. என் நோட்டில் ஒளியளவு "1.6" (எண் கூடக்கூட மங்கல்) என்று எழுதிவிட்டு, நம்ப முடியாமல் உள்ளே போய்க் கண்ணைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி பார்த்தேன். அதே 1.6.

வெடிக்கப்போகிறது என்று எங்கும் ஒரே பேச்சு. பிறகுதான் தெரிந்தது, நட்சத்திரம் கக்கிய வாயு குளிர்ந்து தூசியாகி நம் பக்கத்தை மறைத்திருக்கிறது, கூடவே அதன் மேற்பரப்பின் ஒரு பகுதியும் குளிர்ந்திருக்கிறது. அதாவது, எல்லாம் தோலில் நடந்த சங்கதி. மையத்தைப் பற்றி அது ஒன்றுமே சொல்லவில்லை. திருவாதிரை இன்னும் ஹீலியத்தையே எரித்துக்கொண்டிருக்கிறது, வெடிக்க ஒரு லட்சம் ஆண்டு வரை ஆகலாம் என்பதுதான் பெரும்பாலான ஆய்வாளர்களின் கணிப்பு.

நிலாமுற்றம் எழுதியது:

அருமை. சரி சார், இரும்புக்கு வருவோம். இரும்பு எரியாததால் உடனே சரிகிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பழைய ஆய்வகம் எழுதியது:

உடனே சரிவதில்லை, தம்பி. இங்கேதான் பலரும் ஒரு படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

அணுக்கருவின் துகள்கள் மிக இறுக்கமாகப் பிணைந்திருப்பது இரும்பு, நிக்கல் பக்கத்தில். அதற்குமேல் சேர்த்தாலும் ஆற்றல் வராது, பிளந்தாலும் வராது. பள்ளத்தின் அடி அது. ஆனால் எரிவது நின்றுபோனாலும் இரும்பு மையம் கொஞ்ச நேரம் நிமிர்ந்தே நிற்கும். அதைத் தாங்குவது வெப்பம் மட்டுமல்ல. எலக்ட்ரான்கள் ஒரே நிலையில் இரண்டு நிற்க மாட்டா. நெருக்க நெருக்க, ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு மேலும் வேகமாக ஓடும். அந்த அழுத்தத்துக்குச் சூடே வேண்டாம். எரிந்து முடிந்த சிறிய நட்சத்திரங்களின் மிச்சமான வெள்ளைக் குள்ளன்கள் கோடி கோடி ஆண்டுகள் நிற்பது இதன் பலத்தில்தான்.

ஆனால் அந்தப் பலத்துக்கு ஒரு வரம்பு உண்டு. 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்த 19 வயது சுப்பிரமணியன் சந்திரசேகர் போட்ட கணக்கு அது. சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. நம் நட்சத்திரத்தில் சிலிகான் எரிந்து எரிந்து சாம்பல்போல் இரும்பு சேர்ந்துகொண்டே போகிறது. பூமியைவிடச் சிறிய உருண்டை, சூரியனைவிட அதிக நிறை. அது வரம்பைத் தொடும்போது இரண்டு காரியம் கூட நடக்கிறது. ஒன்று, சூடு தாங்காமல் காமா கதிர்கள் இரும்பு அணுக்கருக்களையே உடைக்கத் தொடங்குகின்றன. லட்சக்கணக்கான ஆண்டுகளாகக் கட்டியது உடைகிறது, உடைப்பதற்கு ஆற்றல் செலவாகிறது. இரண்டு, நெருக்கத்தில் எலக்ட்ரான்களைப் புரோட்டான்கள் விழுங்கி நியூட்ரான்களாகின்றன. தூணாக நின்ற எலக்ட்ரான்களே காணாமல் போகின்றன.

அதன்பிறகு ஒரு நொடிகூட ஆகாது. பொருள் நொடிக்கு 70,000 கிலோமீட்டர் வேகம் வரை எட்டி உள்ளே விழுகிறது. அணுக்கருவுக்குள் இருக்கும் அடர்த்தியையும் தாண்டியதும் நியூட்ரான்களுக்கு இடையிலான விசை எதிர்த்து நிற்கிறது. உள்மையம் திடீரென்று விறைத்து, கொஞ்சம் அதிகமாகவே நெருங்கிவிட்டு, மேலே எகிறுகிறது. தமிழ்க்கதிரின் கூடைப்பந்து இதுதான்.

தமிழ்க்கதிர் எழுதியது:

அப்படியென்றால் நான் சொன்னது சரிதானே சார்? எகிறியது, அதிர்வலை கிளம்பியது, வெடித்தது.

பழைய ஆய்வகம் எழுதியது:

அப்படி நடந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். பல பத்தாண்டுகள் ஆய்வாளர்களும் அப்படித்தான் நம்பிக் கணினியில் ஓட்டிப் பார்த்தார்கள். வெடிக்கவில்லை. திரும்பத் திரும்ப ஓட்டினாலும் வெடிக்கவில்லை.

காரணம் இது. அதிர்வலை கிளம்பும்போது அதன் மேல் இன்னும் இரும்பு விழுந்துகொண்டே இருக்கிறது. அலை அந்த இரும்பைக் கடக்கும்போது அதைத் தூளாக்கித்தான் கடக்க முடியும். சூரிய நிறையில் பத்தில் ஒரு பங்கு இரும்பைத் தூளாக்கினாலே, நாம் கடைசியில் பார்க்கும் வெடிப்பின் முழு இயக்க ஆற்றலுக்கும் மேல் செலவாகிவிடும். வழியில் இருப்பதோ அதைப்போல் பல மடங்கு. ஆகவே மையத்திலிருந்து 150 கிலோமீட்டர் அளவில் அலை மூச்சடைத்து நின்றுவிடுகிறது. உங்கள் டென்னிஸ் பந்தின் மேல் தொடர்ந்து மணல்மூட்டைகள் விழுந்துகொண்டிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள், கூரைக்கு எப்படிப் போகும்?

அலை அப்படியே நின்றுவிட்டால் எல்லாம் உள்ளே விழுந்து கருந்துளைதான். சில நட்சத்திரங்கள் அப்படிச் சத்தமில்லாமல் முடிந்துபோகலாம். மற்றவற்றில் நின்றுபோன அலைக்கு யாரோ உயிர் கொடுக்க வேண்டும்.

நிலாமுற்றம் எழுதியது:

நியூட்ரினோ!

பழைய ஆய்வகம் எழுதியது:

அதேதான்.

உங்கள் முதல் கேள்வி, ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பது. எரிபொருளிலிருந்து அல்ல. விழுந்ததிலிருந்து வருகிறது. சூரியனைப்போல் 1.4 மடங்கு நிறை, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அகலத்திலிருந்து 12 கிலோமீட்டர் ஆரத்துக்கு விழுந்தால் விடுபடும் ஈர்ப்பு ஆற்றலை நீங்களே காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம், பள்ளிக்கூடச் சூத்திரம் போதும். 10-இன் அடுக்கு 46 ஜூல் அளவில் வரும். சூரியன் தன் 1000 கோடி ஆண்டு வாழ்நாள் முழுவதும் கொட்டும் ஆற்றலைப்போல் 200 மடங்குக்கு மேல். நட்சத்திரத்தை வெடிக்கவைக்க அதில் நூற்றில் ஒரு பங்கு போதும். அணையப்போகும் விளக்கு என்று நீங்கள் சொன்னீர்கள். இதை உயரத்திலிருந்து விழும் பாறை என்று பாருங்கள், அப்போது சரியாக வரும்.

இந்த ஆற்றலில் ஏறத்தாழ 99 விழுக்காட்டை எடுத்துக்கொண்டு போவது நியூட்ரினோக்கள். ஆனால் சரிந்து நின்ற அந்த மையம், அதாவது புதிதாகப் பிறந்த நியூட்ரான் நட்சத்திரம், அவ்வளவு அடர்த்தி. ஒளியாண்டுக் கணக்கில் தடித்த ஈயச் சுவரையே சாதாரணமாகக் கடக்கும் நியூட்ரினோ இங்கே சிக்கிக்கொள்கிறது. முட்டி மோதி, கசிந்து கசிந்துதான் வெளியே வருகிறது. வரும் வழியில், நின்றுபோன அலைக்குச் சற்றுக் கீழே இருக்கும் பொருளில் நூற்றில் சில பங்கு மட்டும் உறிஞ்சப்படுகிறது. அது போதும். அந்த இடம் அடுப்பில் வைத்த நீர்போல் கொதித்துப் புரள்கிறது. சூடான குமிழிகள் மேலே, குளிர்ந்தது கீழே. இந்தப் புரளலை மூன்று பரிமாணத்திலும் கணக்கிடக் கணினிகளுக்குத் திறன் வந்த பிறகுதான் மாதிரிகள் தாமாக வெடிக்கத் தொடங்கின. பழைய மாதிரிகள் நட்சத்திரத்தை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரியான உருண்டையாக வைத்துக்கொண்டதால் குமிழிக்கு அங்கே இடமே இல்லை.

செந்தாமரை எழுதியது:

இவ்வளவும் கணினிக்குள் நடப்பது. உண்மையில் அப்படித்தான் நடக்கிறது என்பதற்கு யாராவது பார்த்த சாட்சி உண்டா? தவறாக நினைக்க வேண்டாம், இது தெரியாமல் எனக்கு மனசு ஒப்பவில்லை.

இரவுக்காவல் எழுதியது:

உண்டு அக்கா. இதை நான் சொல்கிறேன்.

1987 பிப்ரவரி 23, உலக நேரப்படி காலை 7:35. ஜப்பானில் காமியோகா சுரங்கத்துக்குள், தரைக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் கீழே, 3000 டன் நீர் நிரப்பிய தொட்டி ஒன்று. அதைக் கட்டியதே புரோட்டான் சிதைகிறதா என்று பார்க்கத்தான். நியூட்ரினோ ஒன்று நீரில் மோதினால் அதில் ஒரு மினுக்கல் தெரியும். அந்தத் தொட்டிக்குள் 13 நொடிக்குள் 11 முறை மினுக்கியது. அதே நேரத்தில் அமெரிக்காவில் ஓர் உப்புச் சுரங்கத்தின் தொட்டியில் 8. காகசஸ் மலையடியில் பக்சானில் 5. மொத்தம் 24 துகள்கள். யாருக்கும் அப்போது தெரியாது, பதிவாகியிருந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் சிலியில் லாஸ் காம்பனாஸ் வானாய்வகத்தில் இயன் ஷெல்டன், நம் பால்வழிக்கு அருகில் இருக்கும் சிறிய விண்மீன் திரளான பெரிய மெகல்லன் மேகத்தைப் படமெடுத்தார். படத்தட்டைக் கழுவிப் பார்த்தால், இருக்கக்கூடாத இடத்தில் ஒரு பெரிய புள்ளி. தட்டில் கோளாறு இருக்குமோ என்று வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. அங்கே தொலைநோக்கியை இயக்கும் ஆஸ்கர் துஹால்டே அதே இரவில் முன்னமே வெளியே வந்தபோது அதைப் பார்த்திருந்தார்.

பிறகு எல்லோரும் பழைய பதிவுகளைத் தோண்டினார்கள். நியூட்ரினோ வந்து ஏறத்தாழ 3 மணி நேரம் கழித்து எடுத்த படத்தில்தான் ஒளி முதன்முதலாகத் தெரிகிறது. 1,68,000 ஆண்டு பயணம் செய்து, நியூட்ரினோ 3 மணி நேரம் முன்னால் வந்திருக்கிறது. வேகமாக ஓடி அல்ல, முன்னதாகக் கிளம்பி. அதிர்வலை நட்சத்திரத்தின் தோலைக் கிழித்த பிறகுதான் ஒளி கிளம்ப முடியும்.

இன்னொன்று. மெகல்லன் மேகம் தென்வானத்தில் இருப்பது. காமியோகாவிலிருந்து அது அடிவானத்துக்குமேல் வருவதே இல்லை. அந்தத் துகள்கள் பூமியைத் துளைத்துக்கொண்டு கீழிருந்து மேலே வந்தவை. அன்று பூமியில் இருந்த ஒவ்வொருவரின் உடம்பிலும், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஆயிரம் கோடிக்கும் மேல் நியூட்ரினோ நுழைந்து வெளியேறியிருக்கிறது.

பழைய ஆய்வகம் எழுதியது:

இரவுக்காவல் சொன்னதில் 13 நொடி என்ற எண்ணை மட்டும் அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். சாட்சி அதுதான். சரிவு ஒரு நொடிக்குள் முடிந்துவிடுகிறது. நியூட்ரினோக்கள் தடையில்லாமல் பறந்திருந்தால் எல்லாம் ஒரே கொத்தாக, நொடிக்கும் குறைவில் வந்திருக்க வேண்டும். பத்து நொடிக்குமேல் இழுத்துக்கொண்டு வந்தன என்றால், உள்ளே சிக்கி, கசிந்து வந்திருக்கின்றன என்று பொருள். சிக்கினால்தான் சூடேற்ற முடியும். 24 துகளை வைத்து எண்ணிச் சொல்லும் ஆற்றலும் அந்தக் காகிதக் கணக்கோடு ஒத்துப்போகிறது. மசாதோஷி கோஷிபாவுக்கு 2002-இல் நோபல் கிடைத்ததில் இந்த 11 மினுக்கலுக்குப் பெரிய பங்கு உண்டு.

செந்தாமரை எழுதியது:

மனசு ஒப்பியது சார். நன்றி. கடைசியாக ஒன்று. நம் இரத்தத்தில் இருக்கும் இரும்பு இந்த நட்சத்திரங்களின் இரும்பு மையத்திலிருந்து வந்தது என்று சொல்கிறார்களே, அது அப்படியே சரியா?

பழைய ஆய்வகம் எழுதியது:

இல்லை. அந்த மையம் வெளியே வருவதே இல்லை. அது நியூட்ரான் நட்சத்திரமாக உள்ளேயே தங்கிவிடுகிறது. கி.பி. 1054-இல் சீனர்கள் பகலிலேயே 23 நாள் பார்த்துக் குறித்துவைத்த வெடிப்பின் மையம் இன்றும் அதன் சிதறலான நண்டு நெபுலா என்ற வாயு மேகத்துக்குள் நொடிக்கு 30 முறை சுழன்றுகொண்டிருக்கிறது.

வெளியே வரும் இரும்பு வேறு. உயிர் பெற்ற அதிர்வலை சிலிகான், ஆக்சிஜன் அடுக்குகளைக் கடக்கும்போது அவற்றைச் சுட்டு, புதிதாக நிக்கல்-56 ஆக்குகிறது. அது நிலையற்றது. 6 நாளில் பாதி கோபால்ட்-56 ஆகும். அது 77 நாளில் பாதி இரும்பு ஆகும். 1987-இன் வெடிப்பு மாதக்கணக்கில் ஒளிர்ந்தபின் மங்கத் தொடங்கியபோது சரியாக இந்த 77 நாள் கணக்கில் மங்கியது. இரும்பு பிறப்பதை வரைபடத் தாளில் பார்க்கலாம் என்று நான் சொல்வது இதைத்தான். 23,000 பூமிகளின் எடை அளவு நிக்கல் அதில் உருவாகியிருந்தது. ஆனாலும் அண்டத்து இரும்பில் பெரும்பங்கு வெள்ளைக் குள்ளன்கள் வெடிக்கும் வேறு வகை சூப்பர்நோவாவிலிருந்து வருவது. பெருநட்சத்திரங்களின் தனிக்கொடை ஆக்சிஜன். இந்த நொடியில் நீங்கள் இழுக்கும் மூச்சில் இருக்கும் ஆக்சிஜன் பெரும்பாலும் அவற்றின் உள்ளடுக்குகளில் வெந்தது.

நிலாமுற்றம் எழுதியது:

அண்ணா (இரவுக்காவல்), திருவாதிரை போகும் நாளில் நமக்கு முதலில் எது தெரியும்?

இரவுக்காவல் எழுதியது:

அது சிவப்புப் பெருநட்சத்திரம் தம்பி, 1987-இல் வெடித்ததைவிட உடம்பு மிகப் பெரியது. அதிர்வலை மேலே வர ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். அந்த ஒரு நாளும் வானத்தில் எந்த மாற்றமும் தெரியாது. ஆனால் நிலத்தடித் தொட்டிகளில் 24 அல்ல, கோடி என்ற அளவில் மினுக்கல்கள் வந்திருக்கும். உலகின் நியூட்ரினோக் கருவிகளை இணைத்து ஓர் எச்சரிக்கை வலையமைப்பு இருக்கிறது, ஒரே நேரத்தில் பல இடங்களில் மினுக்கினால் வானாய்வாளர்களுக்கு மின்னஞ்சல் பறக்கும். நானும் அதில் பெயர் கொடுத்திருக்கிறேன். அப்புறம்தான் ஒளி. அரை நிலவின் ஒளி முழுவதும் ஒரே புள்ளியில் வந்து நிற்பதுபோல், பகலிலும் தெரியும்.

சார் முன்னால் சொன்னாரே, கடைசி நாளின் சேதியை வெளியே கொண்டுவர ஒளிக்கு நேரமில்லை என்று. நியூட்ரினோவுக்கு அந்தத் தடை இல்லை. திருவாதிரை அளவு அருகில் இருந்தால், சிலிகான் எரியும்போது வரும் நியூட்ரினோக்களையே ஜப்பானின் காம்லாண்ட் போன்ற நிலத்தடிக் கருவிகளால் பிடிக்க முடியும். அதற்கென்றே ஜப்பானில் ஒரு முன்னெச்சரிக்கை ஏற்பாடு செய்திருக்கிறார்கள். மையம் சரிவதற்குச் சில மணி நேரம் முன்பே மணி அடித்துவிடும், மேலே திருவாதிரை எப்போதும்போலச் சிவப்பாக நின்றுகொண்டிருக்கும்போதே.